அண்ணனுக்கு அறுபத்தேழு, தம்பிக்கு எழுபத்துநான்கு

போன வாரம் ஆய்வுகூடத்துப் பிள்ளைகள் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார்கள். புதிதாக வந்திருக்கும் இயந்திரம் அச்சடித்த சின்ன லேபல் ஒன்று. அடையாள அட்டை எண்ணை அடித்தால் போதுமாம், பெயரும் வயதும் தானாக வந்து விழுமாம். கையால் யாரும் எதையும் எழுத வேண்டியதில்லை. நோயாளியின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துப் படம் எடுத்திருந்தார்கள். அந்த மட்டில் நல்ல வளர்ப்பு. வயது மட்டும் தெளிவாகத் தெரிந்தது: எண்பத்தொன்று. கீழே ஒரு வரி: "அக்கா, இனி வயசுப் பிழையே வராது! உங்க காலத்துக் கதை ஒண்ணு எழுதித் தாங்க, நம்ம மலர்ல போடுவோம்."

உங்கள் காலமாம். எனக்கு முப்பத்தாறு வயது. திசு அழுகாமல் ஊறவைக்கும் ஃபோர்மலின் என் மூச்சுக்குழாயைக் கெடுத்ததால், பதினோரு வருட வேலைக்குப் பிறகு மருத்துவச் சபை என்னை ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்வு கொடுத்து அனுப்பியது. ஓய்வூதியக்காரர்களுக்கான கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்னாள் தபாலதிபர், "அப்பாவோட வந்தீங்களா?" என்று கேட்டார். அப்படிப்பட்ட ஓய்வு பெற்றவள் நான்.

"வயசுப் பிழையே வராது" என்று எழுதியிருந்தீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி நீட்டப் போவதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார், அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், தேயிலை சலித்தார். இருவரும் பெருவிரலை மையில் அழுத்துகிறவர்கள். நான் வட்டகொடையிலிருந்து ரயிலேறிப் போய் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன், பிறகு கொழும்பில் பயிற்சி, பிறகு மலைநாட்டின் ஓர் அரச ஆஸ்பத்திரியில் திசு ஆய்வுப் பிரிவு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் என் முதலெழுத்துகளைப் போட்டேன் என்று கணக்கில்லை. போத்தலில் போட்டேன், பதிவேட்டில் போட்டேன், படிவத்தில் போட்டேன். எங்கள் குடும்பத்தில் பேனாவால் கையெழுத்துப் போட்ட முதல் ஆள். அது தலைக்கு ஏறாமல் இருக்குமா? நன்றாகவே ஏறியிருந்தது.

எங்கள் பிரிவுக்கு வரும் துண்டுகளில் புரோஸ்டேட்டுக்குத் தனி வாசனை உண்டு என்று நான் சொல்வதுண்டு. அது ஃபோர்மலின் வாசனை அல்ல, வெட்கத்தின் வாசனை. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயை வளையம்போலச் சுற்றி இருக்கும் சின்னச் சுரப்பி அது, ஆண்களுக்கு மட்டும் உள்ளது. அதைப் பற்றிய படிவத்தை என் கையில் தருவதற்குள் பெரிய மனிதர்கள் எல்லாம் வேர்த்துப் போவார்கள். ஒருநாள் ஓய்வு பெற்ற பெரிய கிளாக்கர் ஒருவர் படிவத்தை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கவுண்டரில் நின்றார்.

"ஆம்பிள யாரும் இல்லியா மகள்?"

"ஒருத்தர் இருக்காருங்க ஐயா. மலம் பரிசோதிக்கிறவரு. அவர்கிட்ட குடுக்கவா?"

கக்கத்திலிருந்து படிவம் உடனே வந்துவிட்டது.

இவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சுமந்துகொண்டு வருவார்கள்: "வயசு போனா அப்படித்தானே." தோட்டத்து மருந்தாளர் அதைச் சொல்வார். சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பெண்சாதிக்குத் தெரியாமல் ராத்திரியில் ஐந்து தரம் எழுந்து போகிறவரும் அதையே தனக்குச் சொல்லிக்கொள்வார். மூன்றே சொல்லில் ஒரு வைத்தியசாலையையே மூடிவிடலாம் என்று இந்த வாக்கியம்தான் எனக்குக் காட்டியது.

வயது போனால் அந்தச் சுரப்பி மாறுவது உண்மைதான். மாறுவது ஒரு விதத்தில் அல்ல என்பதுதான் இவர்களுக்கு விளங்காதது. நுணுக்குக்காட்டியில் பார்த்தால், இளம் வயதுச் சுரப்பியின் ஒவ்வொரு சிறு குழியையும் கலங்கள், அதாவது செல்கள், இரண்டு வரிசையாகச் சுற்றி நிற்கும். உள்ளே உயரமான வரிசை, வெளியே தட்டையான வேலி வரிசை. வயது ஏற ஏறச் சில இடம் பெருத்துப் போகும். அது குழாயை நெரிக்கும், தொல்லை தரும், ஆனால் புற்றுநோய் அல்ல. சில இடம் சுருங்கிப்போகும். கலங்கள் குட்டையாகி, கறுத்து, நெருக்கியடித்து நிற்கும். கவாத்து வெட்டி மொட்டையாய் நிற்கும் தேயிலை மலையைப் புதிதாக வந்தவன் பார்த்தால் செத்த மலை என்றுதானே நினைப்பான்? சுருங்கிய இடமும் அப்படி ஏமாற்றும், புற்றுநோய் மாதிரியே வேடம் போடும். இன்னும் சில இடத்தில் வேலி நிற்கும்போதே உள்ளே கலங்கள் பெருத்துத் தலை தூக்கத் தொடங்கும். அது இன்னும் நோய் அல்ல, ஆனால் கண்ணை எடுக்கக் கூடாத இடம். வேலி வரிசை அடியோடு இல்லாமல் போனால்தான் புற்றுநோய். பெருத்ததும் சுருங்கியதும் தலை தூக்கியதும் வேலி போனதும் ஒரே மனிதனுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். வெளியே தெரிவது என்னவோ எல்லோருக்கும் ஒன்றுதான்: சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும்.

இதை எனக்குக் காட்டித் தந்தவர் எங்கள் நோயியல் மருத்துவர். மேடம் என்றே சொல்கிறேன். சிங்களப் பெண்மணி. சிரித்து நான் பார்த்தது குறைவு, கத்தி நான் பார்த்ததே இல்லை. திசு ஒட்டிய கண்ணாடி வில்லையைத் தொடும் முன் படிவத்தை எடுத்து, மேலிருந்து கீழே விரல் வைத்துப் படிப்பார். படித்து முடியும் வரை நுணுக்குக்காட்டி விளக்கைப் போடமாட்டார். "வயதுக்குரிய மாற்றம்" என்று யாராவது எழுதியிருந்தால் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார். "வயது என்பது இரத்த அழுத்தம் மாதிரி. யாரோ அளந்து எழுதியது. அளந்தது யார் என்று கேள்" என்பார்.

பிழை திருத்துவதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. முதலில் வார்டுக்குப் போன் செய். பிறகு ஒரே ஒரு கோடு, அடியில் உள்ளது படிக்கக் கூடியதாக. பக்கத்தில் சரியானதை எழுது. அதன் பக்கத்தில் உன் முதலெழுத்துகள்.

நான் சொல்ல வந்த ஆள் இனித்தான் வருகிறார்.

ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு குட்டிப் போத்தல்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் நூல் மாதிரி ஒரு துண்டு, வலது ஆறு, இடது ஆறு. பெயர் ராமசாமி, தோட்டம் வட்டகொடைப் பக்கம். படிவத்தில், துண்டெடுத்த வார்டுச் சின்ன டொக்டர் வயது 63 என்று எழுதியிருந்தார். கூடவே வந்த அடையாள அட்டைப் பிரதியைப் பார்த்தேன். அதன்படி 74. பதினொரு வருட வித்தியாசம்.

பக்கத்து மேசையில் என்னோடு வேலை செய்பவளிடம் சிங்களத்தில் சொன்னேன்: "எங்க தோட்டத்து ஆளுங்களுக்குச் சொந்த வயசுகூடத் தெரியாது." அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். 63இன் மேல் ஒரு கோடு போட்டேன், பக்கத்தில் 74 என்று எழுதினேன், என் முதலெழுத்துகளை அழகாகப் போட்டேன். கோடு நேரான கோடு. ஆனால் போன் செய்யவில்லை. கையில் அரசாங்க முத்திரை இருக்கும்போது வார்டைக் கேட்பானேன் என்று நினைத்தேன்.

மற்றதெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். நூல்களைப் பஞ்சுக்கு நடுவே வளையாமல் படுக்க வைத்தேன். மெழுகில் ஒரே மட்டத்தில் பதித்தேன், ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் வெட்டும்போது பாதி போய்விடும். வெட்டிய ரிப்பனை வெந்நீரில் மிதக்கவிட்டுச் சுருக்கமில்லாமல் வில்லையில் ஏற்றினேன். மேடம் என் வில்லைகளைப் பார்த்து "சுத்தம்" என்றார். அவரிடம் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. வலது பக்கத்து இரண்டு நூல்களில் வேலி வரிசை இல்லை. நடுத்தரமான புற்றுநோய், கொஞ்ச இடத்தில். அறிக்கையில் வயது 74 என்று அச்சாகிப் போனது. சிறுநீர்ப் பாதைக் கிளினிக்கில் அதைப் பார்த்து, இந்த வயதில் வெட்டத் தேவையில்லை, அவ்வப்போது இரத்தம் பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். எழுபத்துநான்கு வயது மனிதனுக்கு அது நியாயமான முடிவுதான்.

ஏழு மாதம் கழித்து ஒருவர் கவுண்டருக்கு வந்தார். நரைத்த மீசை, நனைந்த குடை.

"தம்பியோட ரிப்போட்டு இன்னொண்ணு வேணுங்க மிஸ். கிளினிக் புத்தகம் மழையில ஊறிப் போச்சு. ரத்தத்துல வேற ஏதோ ஏறியிருக்காம். சுப்பையான்னு பேரு."

தேடினேன். சுப்பையா என்று யாரும் இல்லை.

"அட, மறந்துட்டேன். ராமசாமின்னு பாருங்க."

இரண்டு அடையாள அட்டைப் பிரதிகளை வைத்தார். அவருடையது வேலாயுதம், அறுபத்தேழு. நோயாளியுடையது ராமசாமி, எழுபத்துநான்கு. விண்ணப்பத்தில் உறவு என்ற இடத்தில் 'அண்ணன்' என்று எழுதியிருந்தார்.

"இது என்னங்க கணக்கு?" என்றேன் நக்கலாக. "அண்ணனுக்கு அறுபத்தேழு, தம்பிக்கு எழுபத்துநாலா? தம்பி உங்களுக்கு முந்தியே வந்து எடம் புடிச்சிட்டாரா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

"எங்களுக்கு மூத்தது ஒண்ணு இருந்திச்சுங்க மிஸ், ராமசாமின்னு. ரெண்டு வயசுல போயிருச்சு. குடியுரிமை குடுத்து கார்டு எடுக்கச் சொன்னப்ப சுப்பையாவுக்குப் பொறப்புப் பத்திரம் இல்ல, அவன் பொறந்தத எவனும் பதியல. மூத்ததோட பத்திரம் தகரப் பொட்டிக்குள்ள சும்மா கெடந்திச்சு. அதக் குடுத்துட்டோம். இருபத்திரெண்டு வயசுக்காரன் ஒரே நாள்ல முப்பத்திமூணு ஆயிட்டான்."

"அப்ப இப்ப உண்மையான வயசு?"

"எனக்கு நாலு வயசு எளையவன். அறுபத்திமூணு."

நான் உள்ளே போய்ப் பழைய படிவத்தை எடுத்தேன். நேராகப் போட்ட என் கோட்டுக்கு அடியில் 63 நன்றாகப் படிக்கக்கூடியதாக இருந்தது. பக்கத்தில் என் முதலெழுத்துகள்.

இதைக் கொழும்பில் பிறந்து வளர்ந்த ஒருத்தி செய்திருந்தால் மன்னிக்கலாம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மட்டும் செத்த பிள்ளையின் பத்திரத்தில் வாழ்ந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். என் பெரியப்பா, கார்டில் வயது கூடியதால், பத்து வருடம் முந்தியே தோட்டத்து வேலையிலிருந்து பேர் வெட்டப்பட்டு வீட்டுக்கு வந்ததை வைத்து நாங்கள் கேலி பேசி வளர்ந்தோம். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. தெரிந்ததை மறைத்துவிட்டுப் படித்தவள் மாதிரி சிரிக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

படிவத்தை மேடத்தின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் வழக்கம்போல மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். விரல் என் முதலெழுத்துகளில் வந்து நின்றது.

"போன் பண்ணினாயா?"

"இல்லை, மேடம்."

படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "அந்த ஆளே வந்து தன் வாயால் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னதை நான் எழுத முடியாது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை வேலாயுதத்தோடு பஸ் ஏறினேன். சுப்பையா தன் லயத்து வீடான காம்பராவுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். எழுபத்துநான்கு வயது மனிதன் மண்வெட்டி பிடிக்கிற விதம் அது அல்ல.

"சொல்ல முடியாது மிஸ்" என்றார் நிமிராமலே. "செத்தவன் பேர்ல இருக்கேன்னு சொன்னா கார்டப் புடுங்கிருவாங்க. வோட்டு போயிரும். நாளைக்கு இவன் இந்த நாட்டுக்காரனே இல்லம்பாங்க. எங்கப்பன் நாடில்லாதவனா பட்டது போதும். வயசு போனா வர்றதுதானே, வந்துட்டுப் போகட்டும்."

"ஒங்களுக்கு வயசு எங்கங்க போச்சு? பதினொரு வருசம் கடன் வாங்கி வச்சிருக்கீங்க" என்றேன். கோபத்தில் சொன்னது.

அவர் பெண்சாதி அன்னம் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கெழவன் கெழவன்னு நானும் பாவம் பாத்துக்கிட்டு இத்தன வருசமா தண்ணிக்கொடம் நானே தூக்குறேன்! ஏன்யா, எனக்கு ரெண்டு வயசுதான் மூத்தவனா நீ?"

"ஒனக்குத் தெரியாதாக்கும்."

"கல்யாணத்தப்பத் தெரியும். பெறகு கார்டப் பாத்துப் பாத்து எனக்கே மறந்துபோச்சு." சிரித்தபடி வந்தவர் அவர் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். பிறகு சிரிக்கவில்லை. "செத்தவருக்கு நீ நாப்பது வருசம் ஒழச்சுக் குடுத்தது போதும். வியாதி அவருக்கு இல்ல, ஒனக்கு. போய்ச் சொல்லு."

நான் ஒரு கேள்வி கேட்டேன். "பெறகு எதுக்குங்க அன்னைக்கு டொக்டர்கிட்ட அறுபத்திமூணுன்னு சொன்னீங்க?"

"குப்புறப் படுக்க வச்சு, பின்னால ஊசிய வச்சுக்கிட்டு வயசென்னன்னு கேட்டா எவனுக்கு மிஸ் பொய் வரும்?"

அந்த நிலையிலும் அவர் உண்மை சொன்னார், சின்ன டொக்டர் உண்மையை எழுதினார். அதைப் பொய்யாக்கியது நான்.

திங்கட்கிழமை சுப்பையா வந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மேடத்தின் முன்னால் அரைகுறைச் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். மேடம் அவரை உட்காரவைத்து, "உங்கள் கார்டு எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது உங்கள் உடம்பின் வயது" என்றார். திருத்திய அறிக்கையும் கிளினிக்குக்கு ஒரு கடிதமும் எழுதினார். கடிதத்தில் இரண்டு வயதுகளும் இருந்தன, எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்போடு. என் பெயர் இல்லை. நான் சேர்க்கச் சொன்னேன். "உன் முதலெழுத்துகள் படிவத்தில் இருக்கின்றன, அது போதும்" என்றார்.

கிளினிக்கில் கணக்கு மாறியது. இன்னும் இருபது வருடம் வாழக்கூடிய மனிதனுக்கு வேறு முடிவு. சுரப்பியை முழுதாக எடுப்பது என்று தீர்மானித்தார்கள். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தார்கள். அது எங்கள் பிரிவுக்கே வந்தது.

சுரப்பி இருந்த வாளியோடு வந்த படிவத்தில் வயது என்ற இடத்தில் '74 / 63' என்று இருந்தது. கை தானாகப் பேனாவை எடுத்தது. பேனாவை வைத்துவிட்டுப் போனை எடுத்தேன். வார்டில் தாதி கேட்டுச் சொல்வதாகப் போனாள். பின்னாலிருந்து மயக்கம் தெளிந்த குரல் ஒன்று கேட்டது:

"ரெண்டும் நான்தான்னு சொல்லுங்க மிஸ்!"

சுரப்பியின் வலது ஓரத்துக்குக் கறுப்பு மையும் இடது ஓரத்துக்கு நீல மையும் பூசி, ஒரு நாளுக்கு மேல் ஊறவிட்டு, துண்டு துண்டாக அறுத்து, வில்லையாக்கிக் கொடுத்தேன். மேடம் இரண்டு பேர் சேர்ந்து பார்க்கும் நுணுக்குக்காட்டிக்கு என்னைக் கூப்பிட்டார். ஒரு வில்லையில் மட்டும், வலது பக்கம், வேலியில்லாத கலங்கள் கறுப்பு மையைத் தொட்டுக்கொண்டு நின்றன. அதாவது வெட்டிய ஓரம் வரை வந்துவிட்டது. அப்பால் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கதிர்ச் சிகிச்சையும் வேண்டும்.

"ஏழு மாதத்துக்கு முன்னால் எடுத்திருந்தால், மேடம்?"

"வில்லையில் திகதி எழுதியிருக்காது" என்றார். ஓரத்தை அது எந்த மாதம் தொட்டது என்று வில்லை சொல்லாது. அவர் பொய் சொல்லவும் விரும்பவில்லை, என்னைக் கொல்லவும் விரும்பவில்லை.

சுப்பையா வாரக்கணக்கில் விடியற்காலை பஸ் பிடித்துக் கதிர்ச் சிகிச்சைக்குப் போய் வந்தார். இப்போதும் லீக்ஸ் போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தம் பார்க்கிறார்கள், இதுவரை அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் முடிவு வரும் வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவருக்கு நன்றாக இறங்குகிறதாம், அன்னம் சொன்னார்.

பிள்ளைகளே, உங்கள் புது இயந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அது நான் செய்ததைத்தான் செய்கிறது. அட்டையைப் பார்க்கிறது, நேராக ஒரு கோடு போடுகிறது, யாரையும் கேட்காமல் எழுதுகிறது. ஒரே வித்தியாசம், அடியில் இருந்ததைப் படிக்க முடியாது. முதலெழுத்துகளும் இல்லை, அதனால் பிறகு வெட்கப்படவும் ஆள் இல்லை.

நீங்கள் அனுப்பிய லேபலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயதுக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெறும் இடம் இருக்கிறது. பேனா எழுதும் இடம்தான். அந்த எண்பத்தொரு வயது மனிதர் யாரென்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அட்டையைத்தான் தெரியும்.

போன் பண்ணினீர்களா?